உடும்பு என்று சொன்னவர்

அக்டோபர் 25, வெள்ளி – ஐந்தோவன்

அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் மைன்ஸில் முப்பத்தோரு வருஷம் ஃபோர்மேன் வேலை பார்த்தேன். நாங்கள் வெட்டியது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். திருச்சியிலிருந்து காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிவரும் வாத்தியார்கள் பெஞ்சை, அதாவது படிபடியாக வெட்டிய கல்சுவரைக் காட்டி, "இது மாஸ்ட்ரிக்டியன்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் என்றுதான் ரிட்டயர் ஆகும்வரை நினைத்திருந்தேன். மாஸ்ட்ரிக்ட் என்று நெதர்லாந்தில் ஓர் ஊரே இருக்கிறது, ஐந்தோவனில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்று போன வாரம் மாப்பிள்ளை சொன்னபோது சாப்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. 1849-இல் துமோன் என்ற பெல்ஜிய நிலவியலாளர் அந்த ஊர்க் கல்லை வைத்து ஒரு காலக்கட்டத்துக்கே பெயர் வைத்துவிட்டாராம். 7 கோடியே 20 லட்சம் ஆண்டுக்கு முன்னால் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால் முடிந்த காலம். எங்கள் ஊர்க் கல்லும் அதே வயசு.

பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பேத்திக்கு நாளையிலிருந்து இலையுதிர்கால லீவு. "தாத்தாவுக்கு டைனோசர் காட்டப் போறோம்" என்று மகள் சொன்னதும் பேத்தி திருத்தினாள்: "அது டைனோசர் இல்லம்மா. மோசசோர். கடல்ல இருந்த பல்லி." ஒன்பது வயசு.

அக்டோபர் 26, சனி – ஹார்லெம்

முதலில் ஹார்லெம். மாஸ்ட்ரிக்ட்டில் கிடைத்த முதல் மோசசோர் தலை அங்கேதான் இருக்கிறது என்பதால்.

ரயில் ஏறி உட்கார்ந்ததும் அரியலூருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரி அதிரசத்துக்கு மாவு இடித்தாளா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எதிர்ச்சீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னல் கண்ணாடியில் எழுதியிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். பேசக்கூடாத பெட்டியாம். நம்மூரில் இப்படிச் செய்தால் கைகலப்பு ஆகும். நான் போனை வைத்ததும் அவர் சிரித்து, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் என்கிறாள் மகள்.

ஹார்லெமில் சனிக்கிழமைச் சந்தை. காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிட்டது. சந்தையில் வாங்கின புதுக்குடை 12 யூரோ, அதாவது ஆயிரத்துச் சொச்சம். மீன் கடையில் பச்சை ஹெரிங் மீனை வெங்காயத்தோடு பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பச்சை என்றால் அடுப்பையே பார்க்காத மீன். உப்பில் ஊறியதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி. மோசமில்லை. எலுமிச்சையும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கையில் இருந்திருந்தால் இன்னொன்றும் தின்றிருப்பேன்.

டெய்லர்ஸ் அருங்காட்சியகம் ஸ்பார்ன ஆற்றங்கரையில். 1784-லிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் இடம். நடுவில் முட்டை வடிவக் கூடம், வெளிச்சமெல்லாம் கூரைக் கண்ணாடி வழியாக. வெளியே மேகம் மூடும்போது உள்ளேயும் மங்கியது. திறந்த அதே வருஷம் அவர்கள் வாங்கியதுதான் அந்தத் தலை. 1766-இல் மாஸ்ட்ரிக்ட் புனித பீட்டர் குன்றில் ஒரு ராணுவ அதிகாரிக்குக் கிடைத்தது. சுண்ணாம்புக் கல்லோடு கல்லாக, பற்கள் மட்டும் கறுத்து மினுங்கிக்கொண்டு. என் கண் போனது கல்லின் மேல்தான். மஞ்சள் கலந்த வெண்மை, பொடிப்பொடியான மணி. எங்கள் கல் இதைவிடக் கெட்டி.

பக்கத்தில் இன்னொரு விசேஷம். 1726-இல் ஷோய்க்சர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர், பைபிளில் வரும் பெருவெள்ளத்தில் மூழ்கிச் செத்த பாவப்பட்ட மனிதனின் எலும்பு என்று அறிவித்த கல். எண்பத்தைந்து வருஷம் கழித்து குவியே என்ற பிரெஞ்சுக்காரர் வந்து, உளியால் கொஞ்சம் கொத்திக் காட்டினார்: பெரிய சாலமாண்டர். தவளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்! பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாஸ்ட்ரிக்ட் தலையின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மகள் லைப்ரரியிலிருந்து எடுத்துத் தந்த புத்தகத்தைத் திரும்பும் வழியெல்லாம் (சத்தமில்லாமல்) படித்தேன். 1770-களில் இரண்டாவதாக ஒரு பெரிய தலை கிடைத்தது. அந்த ஊரில் ஹாஃப்மன் என்ற ராணுவ மருத்துவர் இருந்தார். எலும்பு சேகரிப்பதில் பைத்தியம். அவர் சொன்னது: முதலை. அன்றைக்கு ஐரோப்பாவில் உடற்கூறு என்றாலே பெட்ரஸ் காம்பர்தான். யானையையும் ஒராங்குட்டானையும் அறுத்துப் பார்த்தவர். 1782-இல் ஹாஃப்மன் இறந்ததும் அவர் சேகரிப்பிலிருந்து சிலதைக் காம்பர் வாங்கினார். 1786-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்: முதலை இல்லை, திமிங்கலம். அது ஒன்றும் கிறுக்குத்தனமான பேச்சு இல்லை. சுற்றிலும் கிடைப்பதெல்லாம் கடல் சிப்பி. கடலில் இவ்வளவு பெரிய தாடை வேறு எதற்கு? ஹார்லெம் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்ட வான் மாரும் அதையே வழிமொழிந்தார். மூன்று வருஷத்தில் காம்பர் காலமானார், திமிங்கலம் என்ற நம்பிக்கையோடு.

மீதிக் கதை நாளைக்கு. முட்டி கெஞ்சுகிறது.

அக்டோபர் 27, ஞாயிறு – மாஸ்ட்ரிக்ட்

காலையில் என் பழைய எச்எம்டி கைக்கடிகாரப்படி ஆறரைக்கு எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஷூவும் போட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஓர் ஆள் அசையவில்லை. ஏழரைக்குக் கதவைத் தட்டி எழுப்பினேன். மாப்பிள்ளை தூக்கக் கண்ணோடு, "மாமா, மணி ஆறரைதான் ஆகுது" என்றார். ராத்திரியோடு ராத்திரியாக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாம். போன்கள் எல்லாம் தானாக மாறிக்கொண்டன. எச்எம்டிக்குச் சொல்ல ஆளில்லை. நாள் முழுக்க அதை வைத்துக் கிண்டல்.

அதோடு போகவில்லை. கிளம்பிய ரயில் பாதி வழியில் நின்று, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். காரணம்: தண்டவாளத்தில் இலை. ஈர இலை நசுங்கி வழவழப்பாகிச் சக்கரம் வழுக்குமாம். எங்கள் மைன்ஸில் மழைக்காலத்தில் டம்பர் ஏற்றத்தில் வழுக்கும், அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் நடுங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றோம். கழிப்பறைக்கு 70 சென்ட். அவசரம் தெரிந்து வைத்த விலை.

மாஸ்ட்ரிக்ட் இறங்கினால் ஊரே வேறு முகம். ஹார்லெமில் யாரும் முகம் பார்க்கவில்லை. இங்கே வழி கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வருகிறார்கள். மாஸ் ஆறு, பழைய கல் பாலம், குன்றிலிருந்து அறுத்த மஞ்சள் கல் வீடுகள். அந்தக் கல்லை இங்கே மெர்கல் என்கிறார்கள்.

ஹோட்டலில் ஊர்ச் சாப்பாடு எது என்று கேட்டேன். வினிகரில் ஊறவைத்த இறைச்சி, இஞ்சிக் கேக்கைக் கரைத்துவிட்ட இனிப்புப் புளிப்புக் குழம்பு, கூட உருளை வறுவல். சரி என்று சொல்லப்போன நேரத்தில் பரிமாறும் பெண்மணி சந்தோஷமாக விளக்கினார்: "அந்தக் காலத்தில் குதிரைக் கறியில்தான் செய்வார்கள், இப்போது மாடு." நான் மெனு அட்டையை மெதுவாக மூடினேன். கடைசியில் சூப்பும் ரொட்டியும்.

ஆனால் வ்லாய் என்று ஒரு பண்டம் என்னைக் காப்பாற்றியது. தட்டையான ரொட்டிக் கிண்ணத்துக்குள் பாலில் குழைய வேகவைத்த அரிசி. வாயில் வைத்ததும் மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நெய்யும் ஏலக்காயும் மறந்துபோன சர்க்கரைப் பொங்கல்! ஒரு துண்டு நாலரை யூரோ. இரண்டு சாப்பிட்டேன்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சின்னதுதான். அந்தப் புகழ்பெற்ற பெரிய தலையின் அச்சுப்பிரதி இருக்கிறது. அசல் பாரிஸில். 1794-இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது கொண்டுபோனது. கூட வந்த ஃபோஜா என்பவர் பின்னால் ஒரு புத்தகத்தில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்: ஒரு பாதிரியார் வீட்டிலிருந்து தலையை ஒளித்துவைத்துவிட்டார்கள், கண்டுபிடித்துத் தருபவருக்கு 600 பாட்டில் ஒயின் என்று அறிவித்தார்கள், மறுநாளே பன்னிரண்டு சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரலாற்றுக்காரர்கள் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. 600 பாட்டிலுக்கு யார் கணக்கு எழுதியிருப்பார்? நல்ல கதை என்பதால் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஃபோஜாவுக்கும் அது முதலைதான். 1799-இல் அச்சிட்டே விட்டார்.

இப்போது நேற்று விட்ட இடம். காம்பருக்கு ஒரு மகன், ஆட்ரியன். அப்பா விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபண்ணிப் பதிப்பிப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. அப்பாவின் திமிங்கலக் கட்சியைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்றுதான் அதே எலும்புகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க இடித்தது. முக்கியமாக வாயின் மேலண்ணத்தில் தனியாக ஒரு வரிசைப் பல். திமிங்கலத்துக்கு அது கிடையாது, முதலைக்கும் கிடையாது. பல்லி, பாம்பு வகைகளில்தான் சிலவற்றுக்கு உண்டு. அப்பாவும் தப்பு, ஹாஃப்மனும் தப்பு. இது உடும்புக்குச் சொந்தமான ராட்சதப் பல்லி என்று 1799-இல் முடிவுகட்டி, குவியேவுக்குக் கடிதம் எழுதினார். 1800-இல் அது பாரிஸில் அச்சில் வந்தது.

தகப்பன்சாமி என்று நமக்கு ஒரு சாமியே உண்டு. அரியலூரிலிருந்து சுவாமிமலை ரொம்பத் தூரமில்லை. கல்யாணமான புதிதில் வருஷம் தவறாமல் போவோம். அங்கே அப்பன் வாய்பொத்திக் கேட்டார், பிள்ளை சொன்னது. காம்பர் வீட்டில் கேட்க அப்பா இல்லை. பத்து வருஷம் முன்னால் போய்விட்டார். அதுவும் அப்பாவின் புத்தகங்களைக் கொண்டுவருகிற அதே கையால் அப்பா தப்பு என்று எழுதுவது என்றால், அந்த மனுஷன் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்.

1808-இல் குவியே விரிவாக எழுதினார்: ஆட்ரியன் சொன்னதுதான் சரி. பெயரைச் சொல்லித்தான் எழுதினார், ஒளிக்கவில்லை. ஆனால் குவியே எவ்வளவு பெரிய ஆள்! உலகத்திலிருந்தே அற்றுப்போன இனங்கள் உண்டு என்று நிரூபிக்க இந்தத் தலையும் அவருக்குச் சாட்சியானது. அதிலிருந்து பல புத்தகங்களில் "குவியே கண்டுபிடித்த கடல் பல்லி" ஆகிவிட்டது. எங்கள் மைன்ஸிலும் இதுதான் நடக்கும். சூப்பர்வைசர் சொன்ன யோசனை திங்கள்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் வாயால் வந்தால், அது மேனேஜர் யோசனை.

இதைவிட வேடிக்கை பெயர் வைத்த கதை. 1822-இல் கோனிபியர் என்ற ஆங்கிலேயர் மோசசோரஸ் என்றார். மாஸ் ஆற்றுப் பல்லி என்று அர்த்தம். 1829-இல் மாண்டெல் என்ற இன்னொரு ஆங்கிலேயர் இரண்டாவது பெயர் சேர்த்தார்: ஹாஃப்மனி. முதலை என்று சொன்ன ஹாஃப்மனின் பெயர்! அந்த ஊர் எலும்புகளைச் சேகரித்தவர், அந்த மரியாதை அவருக்கு நியாயம்தான். நான் குறைசொல்லவில்லை. ஆனால் உடும்பு என்று சொன்னவர் பெயர் அந்த உடும்பின் மேல் இல்லை.

நான் பார்த்த அச்சுப்பிரதிக்குப் பக்கத்து அறையில் பெர் என்று பெயர் வைத்த இன்னொரு மோசசோர் படுத்திருக்கிறது. 1998-இல் இங்கே சிமென்ட் கம்பெனிக் குவாரியில் கிடைத்தது. கார்லோ என்றும் ஒன்று உண்டு. 2012-இல் அதே குவாரியில் கார்லோ என்ற ஷவல் ஆபரேட்டர், வாரிய மண்ணில் பற்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினாராம். அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 28, திங்கள் – புனித பீட்டர் குன்று

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள். ஊரில் மழையாம், இங்கேயும் தூறல்.

குன்றுக்குள் குகைப்பாதைகள். குகை என்பது சும்மா பேச்சுக்கு. எல்லாம் மனிதன் அறுத்தது. பல நூற்றாண்டாகக் கட்டடக் கல்லுக்காக ரம்பத்தால் அறுத்து அறுத்து உள்ளே ஓர் ஊரே உண்டாகிவிட்டது. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். உள்ளே எப்போதும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். நான் குல்லாய், மப்ளர், மாப்பிள்ளையின் ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் வழிகாட்டி எழுபது வயசு இருக்கும். விளக்கைத் தூக்கிப்பிடித்துச் சுவரில் ரம்பம் இழுத்த கோடுகளைக் காட்டினார். கோட்டின் சாய்வை வைத்து, அறுத்தவர் இடதுகைக்காரர் என்றேன். நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு என்னிடமே பேசிக்கொண்டு வந்தார். உலகப்போரில் ரெம்பிரான்ட்டின் பெரிய ஓவியத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்த அறையையும் சொன்னார். எனக்கு ஈடுபாடு சுவரில்தான். நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது. அங்கங்கே கறுப்புச் சிக்கிமுக்கிக் கல் வரிவரியாக ஓடுகிறது. எங்களுக்கு இது கிடையாது, எங்களுக்குக் கிளிஞ்சல். கல்லங்குறிச்சிக் கல்லில் கையகலச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும்.

ஓரிடத்தில் விளக்கை அணைத்தார். அப்படி ஓர் இருட்டைத் தரைக்கு மேலே பார்க்க முடியாது. பேத்தி என் விரலை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும், "நான் பயப்படல, நீங்க பயப்படுவீங்கன்னு பிடிச்சேன்" என்றாள்.

பிற்பகலில் பெரும் கார்லோவும் கிடைத்த அந்தச் சிமென்ட் குவாரி. 1926-இல் தொடங்கிய கம்பெனி. 2018-இல் கல் வெட்டுவதை நிறுத்தி, இயற்கைக்கு விட்டுவிட்டார்கள். மேலே பார்வை மேடை, கீழே இறங்கப் படிகள். முட்டி வேண்டாம் என்றது, இறங்கினேன். பெஞ்ச் பெஞ்சாக வெட்டிய மஞ்சள் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். ரொம்ப நேரம் நின்றேன். மற்றவர்கள் பறவை பார்த்தார்கள். நான் ரோடு எந்தப் பக்கம் போயிருக்கும், கிரஷர் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

எழுதுகிறேன் என்று சொன்னது இதுதான். 1996, ஐப்பசி மழை நேரம். எங்கள் ஷவல் ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். நீளமாக, ஒரு முனை குமிழ் மாதிரி. "சார், இது எலும்பு மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு இரண்டு டம்பர் பழுது, கிரஷர் காலியாக ஓடிக்கொண்டிருந்தது, மேலே இருந்து போன் மேல் போன். நான் கல்லைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "சிலிக்கா ஜாஸ்தியா இருந்தா ஒதுக்கு. இல்லன்னா லோடுல போடு" என்றேன். போட்டுவிட்டார். அது எலும்பா, வெறும் முடிச்சுக் கல்லா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்தப் படிகளில் ஏறி வரும்போது மாப்பிள்ளை, "அடுத்த வாரம் பாரிஸ் போய் அசலையும் பாத்துடலாமா மாமா?" என்றார். வேண்டாம் என்றேன். முட்டியைக் காரணம் சொன்னேன்.

அக்டோபர் 29, செவ்வாய் – ஐந்தோவன்

காலையில் அந்த ஆபரேட்டருக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகிச் செந்துறைப் பக்கம் முந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசி ஆறேழு வருஷம் இருக்கும். குசலம் விசாரித்துவிட்டு, மெதுவாக அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு சார். எலும்புதான் அது. நான் அப்பவே சொன்னேன்ல."

கார்லோ கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். "நம்மது சிமென்டாகி எவன் வீட்டு மொட்டைமாடில இருக்கோ" என்றார். "அது கெடக்கட்டும். அங்கல்லாம் தீபாவளிக்கு வெடி விடுவாங்களா சார்?"

இங்கே தீபாவளிக்கு வெடிக்க விடமாட்டார்களாம் என்றேன். "அப்ப எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க, கெளம்பி வாங்க" என்றார். அதற்குள் மகள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். பாகு பதம் முற்றிப்போய், அதிரசம் எல்லாம் மெர்கலைவிடக் கெட்டியாக வந்திருக்கிறது.